பெரிய மோரிக்கு ஒரு பாலம்

பீன்யாவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் மின்சார ஸ்விட்ச் பெட்டிகள் செய்தோம். என் வேலை இன்ஸ்பெக்‌ஷன். மேசைக்கு வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைப்பேன், இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் செய்தவர் மறுபடி செய்ய வேண்டும். தெரிந்தவர், ஒரே தெருக்காரர் என்றெல்லாம் நான் பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, அல்சூரிலிருந்து காலையில் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் பல நாள் காலியாகவே இருக்கும்.

அந்தக் கெட்ட பெயர்தான் என்னை நடுவராக்கியது. முதலாளி தன் தாயாரின் நினைவாக ஒரு டிரஸ்ட் வைத்திருந்தார். ஊரில் ஏதாவது ஒரு பகுதி மக்கள் தங்களுக்காகச் செய்துகொள்ள நினைக்கும் ஒரு பொதுக்காரியத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை பணம் தருவார்கள். யாருக்குத் தருவது என்று முடிவு செய்ய மூன்று பேர். முதலாளியின் அக்கா ஒருவர். பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கன்னடக்கார இன்ஜினியர் ஒருவர். மூன்றாவது ஆள் தொழிலாளர்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்று அந்த வருடம் யூனியன் கேட்டு வாங்கியது. யாரைப் போடுவது என்று நிர்வாகத்துக்கும் யூனியனுக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் யூனியன் செயலாளர் என் மேசைக்கு வந்தார்.

"மேடம், நீங்கதான் எல்லாரையும் ஒரே மாதிரி ரிஜெக்ட் பண்றீங்க. உங்க பேரைச் சொன்னா ரெண்டு பக்கமும் அப்ஜெக்‌ஷன் இல்ல."

பாராட்டா, கேலியா என்று தெரியவில்லை. ஒத்துக்கொண்டேன். இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில்.

ஒரு சனிக்கிழமை மதியம், கேன்டீனில் மேசைகளை ஒதுக்கிவிட்டு, விண்ணப்பித்தவர்களை ஒவ்வொருவராக வரச்சொன்னோம். முதலாளியின் அக்கா நடுவில் உட்கார்ந்தார். வெளிர் நிறக் கைத்தறிப் புடவை, ஒரு பேனா, அதிகம் பேசாத சுபாவம். நாங்கள் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். இன்ஜினியர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைப்பார். வந்தவர்கள் ஒருவரையொருவர் மிஞ்சினார்கள். பள்ளிக்கு ஆய்வுக்கூடம் கேட்டார்கள். ஒரு நூலகத்துக்குக் கூரை கேட்டார்கள். கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர் சிமென்ட் தூசியோடு நேராக வந்து, பிள்ளைகளைப் பகலில் விட்டுவைக்க ஓர் அறை வேண்டும் என்றார்கள். எனக்கு எல்லாமே நியாயமாகத்தான் பட்டது. ஒரு போல்ட் சரியா தப்பா என்று சொல்ல என்னிடம் அளவுகோல் இருந்தது. இங்கே எதை வைத்து அளப்பது?

கடைசியாக இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் அரசு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த தமிழ்ப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும், நெற்றியில் பெரிய பொட்டு. இன்னொருவர் மாவு மில் வைத்திருந்த கன்னடக்காரர். சட்டைக் காலரில் மாவு ஒட்டியிருந்தது. அல்சூருக்குக் கிழக்கே ஒரு பெரிய மோரி ஓடுகிறது. மழைநீரும் சாக்கடையும் சேர்ந்து ஓடும் அகலமான கால்வாயை எங்கள் பக்கம் மோரி என்றுதான் சொல்வோம். அதன் இந்தக் கரையில் இருப்பது ஆயாம்மாவின் பகுதி, எல்லாம் தமிழ் வீடுகள். அந்தக் கரையில் மில்காரரின் பகுதி, கன்னட வீடுகளும் கொஞ்சம் முஸ்லிம் வீடுகளும். பள்ளிக்கூடம் அந்தக் கரையில். ரேஷன் கடையும் பஸ் ஸ்டாப்பும் இந்தக் கரையில்.

"ஒரு பாலம் வேணும்மா. நடக்கிற அளவுக்கு இருந்தா போதும்" என்றார் ஆயாம்மா.

மில்காரர் அதையே கன்னடத்தில் இன்ஜினியரிடம் சொன்னார். பிறகு அவர் சொன்னதை ஆயாம்மா எனக்குத் தமிழில் சொன்னார். ஒருவர் பேச்சை மற்றவர் மொழிபெயர்ப்பது அவர்களுக்குப் பழக்கமாக இருந்தது.

"முன்னாடி அங்கே பாலம் இருந்ததா?" என்று அம்மா கேட்டார்.

மில்காரர் காலரிலிருந்த மாவைத் தட்டினார். பிறகு ஆயாம்மா, "கல்லுப் பலகை போட்டு வெச்சிருந்தாங்க. காவிரி கலவரத்தப்போ போயிடுச்சு" என்றார். யார் எடுத்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தொண்ணூற்றொன்றின் அந்தக் குளிர்கால நாட்களில் நானும் கதவைத் தாழிட்டு, தமிழ்ப் பத்திரிகையைப் பரணில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவள்தான்.

அவர்கள் போனபின் அம்மா பேனாவை மூடினார். டிரஸ்டுக்கு ஒரு விதி இருந்தது: அரசாங்க நிலத்தில் எதையும் கட்டக் கூடாது. முன்பு கட்டிக்கொடுத்த ஒரு பஸ் நிழற்குடையைச் சாலை அகலப்படுத்தும்போது இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த விதி. மோரி மாநகராட்சியுடையது. ஆகவே பாலம் பட்டியலில் இல்லை. இன்ஜினியரும் தலையாட்டினார்.

நான் சொன்னேன்: "அம்மா, பார்க்காம ரிஜெக்ட் பண்ணி எனக்குப் பழக்கமில்ல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. "சரி, பார்த்துட்டே ரிஜெக்ட் பண்ணலாம்" என்றார்.

அடுத்த வாரம் ஒரு வேலை நாளில், யாருக்கும் சொல்லாமல், அம்மாவின் காரில் மூவரும் போனோம். இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. கார் தெருமுனையோடு நின்றது. அதற்கு மேல் சந்து. அம்மா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். சந்து முடிந்த இடத்தில் நிலமும் முடிந்தது. கீழே மோரி.

முதலில் எனக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. மண்சரிவில் வெட்டிய படிகளில் பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். வரிசை கீழே இறங்கி, முழங்காலுக்கு மேல் ஓடும் கறுப்புத் தண்ணீரைக் குறுக்கே கடந்து, எதிர்க்கரைச் சரிவில் ஏறிப் போனது. எல்லாரும் மோரி நடுவைப் பார்த்த முகமாக, கைநீட்டும் தூரத்தில் ஒருவர். அந்தக் கைகளின் மேல் பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்கி, ஒரு அரைவட்டம் திருப்பி, அடுத்தவர் நெஞ்சில் சேர்ப்பது. அடுத்தவர் வாங்கி, திரும்பி, அதற்கடுத்தவரிடம். சத்தமே இல்லை. "பிடி" என்று ஒரு குரல். நடுத்தண்ணீரில் மொழி மாறியது. "ஹிட்கொள்ளி" என்றது அடுத்த குரல். இந்தக் கரை வரிசையில் நைட் டியூட்டி முடிந்த செக்யூரிட்டி ஒருவர் யூனிஃபார்ம் பேன்ட்டைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கரையில் ஒரு முஸ்லிம் பெண் புர்காவை இடுப்பில் அள்ளி முடிந்திருந்தார். மில்காரரும் ஆயாம்மாவும் சரியாக நடுவில், ஆழமான இடத்தில் எதிரெதிரே நின்றார்கள். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி பன் தின்றுகொண்டே போனாள். எட்டு பத்துக் கைகள் மாறினாள், தின்பதை நிறுத்தவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

இத்தனை வருடத்தில் இந்த ஊரில் நான் பார்த்த எதுவும் அப்படி என்னை நிற்க வைத்ததில்லை. இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். அம்மா புடவைக் கொசுவத்தை எப்போது கீழே விட்டார் என்று தெரியாது. அது சேற்றில் நனைந்துகொண்டிருந்தது.

மேல் படியில் நின்றிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"அக்கா, எனக்கு பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சு. இங்க கொஞ்சம் நில்லுங்க, இன்னும் கொஞ்சப் பசங்கதான்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏறிப் போய்விட்டாள்.

வரிசையில் ஓர் இடைவெளி. அடுத்த பிள்ளை ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றக்கூட நேரமில்லை, இறங்கி நின்றேன். மேலே இருந்தவர் ஒரு சின்னப் பையனை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். நினைத்ததைவிட கனம். தேங்காய் எண்ணெய் வாசனை, ஈர ஸ்வெட்டர், முதுகில் பை. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. யார் என்று பார்க்காமலே என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டான். திரும்பி அடுத்தவரிடம் கொடுத்தபோது அதே மாதிரி அவர் கழுத்தில் போட்டுக்கொண்டான். அந்த வரிசையில் நிற்கும் எவரும் தன்னைக் கீழே விடமாட்டார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குச் சந்தேகமே இல்லாத விஷயம்.

எத்தனை பேரை வாங்கிக் கொடுத்தேன் என்று தெரியாது. முடிந்தபோது தோள் வலித்தது.

எல்லாரும் மேலே ஏறி, சந்துக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஆயாம்மா எங்களைக் கவனித்தார். வேகமாக வந்து கும்பிட்டார். அம்மா கேட்டார்: "அன்னிக்கு ஏன் இதைப் பத்தி ஒண்ணும் சொல்லல?"

"இது எங்க வேலை மேடம். கேக்க வந்தது பாலம்."

"எவ்வளவு நாளா நடக்குது?"

"போன வருஷத்துலருந்து. சுத்திக்கினு மெயின் ரோட்டுல போவாங்க பசங்க. ஒரு பொண்ணை லாரி இடிச்சிடுச்சு. உயிருக்கு ஒண்ணும் ஆவல, கால்தான். அதுக்கப்புறம் ஒருத்தரும் பசங்களை அந்த வழியா அனுப்பமாட்டேன்னுட்டாங்க. நான் மொதல்ல எம் பொண்ணைத் தூக்கிக்கினு தண்ணியில எறங்கினேன். நடுவுல போயிட்டு நின்னுட்டேன். அந்தப் பக்கம் சரிவு வழுக்குது, ஏற முடியல. இவரு மில்லுலருந்து பாத்துட்டு எறங்கி வந்தாரு." மில்காரரைக் காட்டினார். "அதுவரைக்கும் நாலு வருஷம் நாங்க ரெண்டு பக்கமும் பேசினதில்ல மேடம். கையை நீட்டினாரு. குடுத்துட்டேன்."

மில்காரருக்கு அவ்வளவு தமிழ் புரிந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு, "மகு அல்வா" என்றார் மெதுவாக. குழந்தை அல்லவா.

காரில் திரும்பினோம். வெகுதூரம் வந்தபின் அம்மா, "ஆனா ரூல் ரூல்தான். தம்பி ஒத்துக்க மாட்டான். கட்டி, இடிச்சிட்டா என்ன செய்யிறது?" என்றார். அவருக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

முன்சீட்டிலிருந்த இன்ஜினியர் வெளியே பார்த்தபடியே கன்னடத்தில் சொன்னார்: "கட்டினால்தானே கட்டடம்? கட்டிலைக் கொண்டுபோய் வீட்டில் போடுகிறோம். அதைக் கட்டடம் என்றா சொல்கிறோம்?"

அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "முழுசா சொல்லுங்க" என்றார். இரும்பில் செய்து, போல்ட் போட்டு இணைத்து, இரண்டு கரையிலும் சும்மா உட்கார வைத்தால் அது சாமான்; நாளைக்கு மாநகராட்சி வேண்டாம் என்றால் கழற்றி வேறிடத்தில் வைக்கலாம். அடுத்த சில வாரங்கள் இன்ஜினியரே மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, தற்காலிக நடைபாதைக்குத் தடையில்லை என்று எழுதி வாங்கி வந்தார்.

முடிவு எடுக்கும் கூட்டம் சுலபமாக இல்லை. ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது. சிமென்ட் தூசியோடு வந்த பெண்களின் அறையை நான் மறக்கவில்லை. மோரியைப் போய்ப் பார்த்தோம், அவர்கள் வேலை செய்த இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். அம்மா, "அடுத்த வருஷம் அவங்களை முதல்ல கூப்பிடுவோம்" என்றார். கூப்பிட ஆள் அனுப்பியபோது அந்தக் கட்டடம் முடிந்து அவர்கள் எங்கோ போய்விட்டிருந்தார்கள். நடுவராக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை.

பாலம் எங்கள் தொழிற்சாலையிலேயே உருவானது. இரும்புக்கும் மற்றதற்கும் டிரஸ்ட் பணம். வெல்டிங் வேலையை ஷிஃப்ட் முடிந்தபின் எங்கள் ஆட்களே கூலி வாங்காமல் செய்தார்கள். செய்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்து, ஓரிடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தேன்.

"அய்யோ, தர்மத்துக்குச் செய்றதுலயுமா மேடம்" என்றார் வெல்டர்.

"அதுலதான்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரியில் போனது. இரண்டு நீளச் சட்டங்கள், நடக்கும் தகடுகள், கைப்பிடிக் கம்பிகள். லாரி தெருமுனையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தோளில்தான். எதிர்க்கரை ஆட்கள் மெயின் ரோடு சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து காத்திருந்தார்கள். சட்டத்தின் இரண்டு பக்கமும் தோள்கள் நெருக்கியடித்து நின்றன. சந்து வளையும் இடத்தில் சட்டம் வளையவில்லை. என்ன செய்வது என்று எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போது, மூலைவீட்டுக்காரர் தன் ஓட்டுக்கூரை மேல் ஏறி, ஓடுகளைக் கழற்றி ஓரமாக அடுக்க ஆரம்பித்தார். அவரை யாரும் கேட்கவில்லை. சட்டத்தின் முனை அவர் வீட்டின் மேலாகப் போய் வளைவைத் தாண்டியது. உள்ளே அவர் மனைவி அடுப்பில் சாம்பார் வைத்திருந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு மூடி போட்டார்.

சட்டத்தை உட்கார வைக்க இந்தக் கரையில் மண்ணைத் தோண்டினார்கள். கொஞ்சம் கீழே போனதும் கடப்பாரை கல்லில் மோதியது. சேற்றை விலக்கினால் ஒரு பலகைக்கல். பக்கத்தில் இன்னொன்று. பழைய பாலத்தின் கற்கள்தான்; யாரும் எங்கும் கொண்டுபோகவில்லை, அங்கேயே புரட்டிக் கவிழ்த்திருக்கிறார்கள். அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எங்கள் இன்ஜினியர் மட்டும் எதிர்க்கரையைப் பார்த்தபடி நின்றார்.

மில்காரர் குனிந்து கல்லின் மேலிருந்த சேற்றை உள்ளங்கையால் வழித்தார். "ஒள்ளே கல்லு, நல்ல கல்லு. இதுமேலயே சட்டத்தை உக்கார வெச்சிடலாம்" என்றார் தமிழில். அவர் அவ்வளவு தமிழ் பேசி நான் கேட்டதில்லை. கடப்பாரை வைத்திருந்தவர்கள் உடனே கல்லை நிமிர்த்தினார்கள். அதன் மேல்தான் பாலம் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலமே திறப்புவிழா; வார்டு உறுப்பினரைக் கூப்பிட்டிருந்தோம். அவர் வரத் தாமதமானது. ரிப்பன் கட்டியிருந்தது. கரையெல்லாம் ஜனம். அப்போது சைக்கிள் கேரியரில் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார்.

"போலாமா?" என்று ஆயாம்மாவிடம் கேட்டார்.

ஆயாம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா நடந்து போய் ரிப்பனை ஒரு முனையில் அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். முட்டைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தகடு அதிர அக்கரை போனார். அங்கே ஒரு பெண், வந்தது வந்தாய், அரை டஜன் கொடுத்துவிட்டுப் போ என்று நிறுத்திவிட்டாள். வார்டு உறுப்பினர் வந்தபோது இரண்டு பக்கமும் ஆட்கள் போய்வர ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு தடவை நடந்துவிட்டுப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, அரைநாள் லீவு சொல்லி, பள்ளி நேரத்துக்கு அங்கே போனேன். பிள்ளைகள் பாலத்தில் ஓடினார்கள். தகடு தடதடவென்று சத்தம் போடுவது பிடித்துப்போய், அக்கரை போனவர்கள் திரும்பி இந்தப் பக்கம் வந்து மறுபடி ஓடினார்கள். கரையில் பார்த்தால், தினமும் மோரியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் அதே நேரத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். செக்யூரிட்டிக்காரர் பேன்ட்டைச் சுருட்டாமல் நின்றார். எதிர்க்கரையில் அந்த முஸ்லிம் பெண்ணும் மில்காரரும் நின்றார்கள். யாருக்கும் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் கடைசிப் பிள்ளை பள்ளி வாசலுக்குள் போகும்வரை ஒருவரும் நகரவில்லை.

நான் ஆயாம்மா பக்கத்தில் போய் நின்றேன். அவர் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"கை என்னவோ மாதிரி இருக்குதுக்கா" என்றார். பிறகு பையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.